ஊர்வலம் போனோம், மனு கொடுத்தோம், வண்டிகள் வேகம் குறையவில்லை. இனி என்ன?

கேள்வி, ஜனவரி 9

எங்கள் பகுதியில் பள்ளிக்கூடத்துக்குப் போகும் சாலையில் நடக்கவே பயமாக இருக்கிறது, பிள்ளைகளைச் சைக்கிளில் அனுப்புவது என்ற பேச்சுக்கே இடமில்லை. கொஞ்சம் பேர் சேர்ந்து விழிப்புணர்வு ஊர்வலம் நடத்தினோம், துண்டறிக்கை கொடுத்தோம், 'மெதுவாகச் செல்லவும்' என்று பலகை வைத்தோம், மனுவும் கொடுத்தாயிற்று. எதுவும் மாறவில்லை. மக்களுக்கு ஒழுக்கம் வராதவரை எந்தப் போராட்டத்தாலும் பயனில்லை என்பதுதான் இப்போது என் முடிவு. மறுத்துச் சொல்ல யாராவது இருக்கிறீர்களா?

ஜனவரி 9, இரவு

நான் இருக்கிறேன். ஒழுக்கம் இல்லை என்று சொல்லிவிட்டால் யாருக்கும் வேலை இல்லை, அதனாலேயே அந்த முடிவு எல்லாருக்கும் பிடிக்கிறது, சாலை போட்டவருக்கு இன்னும் அதிகமாகப் பிடிக்கும். அகலமான நேர்ச்சாலை கிடைத்தால் கால் தன்னால் அழுத்தும். அதே ஆள் அடுத்த தெருவுக்குள் நுழையும்போது முக்கு குறுகலாக இருந்தால் மெதுவாகத்தான் திருப்புகிறார். இரண்டு நிமிடத்தில் அவருக்கு ஒழுக்கம் வந்து சேர்ந்துவிட்டதா என்ன?

உங்கள் மனுவில் எந்த முக்கு, அங்கே என்ன செய்ய வேண்டும், அதைச் செய்ய வேண்டிய அலுவலகம் எது என்று இருந்ததா? 'பாதுகாப்பான சாலை வேண்டும்' என்று மட்டும் இருந்தால் 'பரிசீலிக்கப்படும்' என்றுதான் பதில் வரும். எங்களுக்கும் முதலில் அப்படித்தான் வந்தது. ஊர்வலத்தை விட்டுவிட்டு ஒரு முக்கைப் பிடியுங்கள்.

ஜனவரி 10

'30இல் போனால் என்ன, 50இல் போனால் என்ன, பார்த்து ஓட்டினால் போதாதா' என்று மேலே ஒருவர் கேட்டிருக்கிறார். போதாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு குழந்தை சாலைக்குள் ஓடி வருகிறது. ஓட்டுபவர் அதைப் பார்த்து, உறைத்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி என்று வையுங்கள், பலருக்கு அதற்கு மேலும் ஆகும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் அந்த நொடியில் வண்டி 8 மீட்டர் சொச்சம் ஓடியிருக்கும், அப்புறம் காய்ந்த நல்ல சாலையில் பிரேக் பிடித்து நிற்க ஏறக்குறைய 5 மீட்டர். மொத்தம் 13 மீட்டர் சொச்சம். 50 கி.மீ. வேகத்தில் அந்த முதல் நொடியிலேயே கிட்டத்தட்ட 14 மீட்டர் போய்விடுகிறது. அதாவது, மெதுவாக வந்தவர் வண்டியை நிறுத்திவிட்டு 'யார் வீட்டுப் பிள்ளை இது' என்று கத்திக்கொண்டிருக்கும் இடத்தில், வேகமாக வந்தவரின் கால் இன்னும் பிரேக்கைத் தொடவே இல்லை. அவர் முழு 50இல் மோதுகிறார். மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் அடி 30இல் விழுவதைப்போல் 2.8 மடங்கு.

இதில் அவர் பார்த்துத்தான் ஓட்டினார், கவனியுங்கள். குழந்தையைப் பார்த்த உடனே செய்ய வேண்டியதைத்தான் செய்தார்.

ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997இல் ஏற்றுக்கொண்ட 'விஷன் ஜீரோ' இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது: மனிதர்கள் தவறு செய்வார்கள், ஒரு தவறுக்கு உயிர் போகும்படி சாலையை அமைக்கக் கூடாது. ஹெல்சிங்கியில் 2024 ஜூலை முதல் 2025 ஜூலை வரை சாலை விபத்தில் ஒருவர்கூட இறக்கவில்லை. அந்நகரத் தெருக்களில் பாதிக்கு மேல் 30 கி.மீ. வரம்பு. அங்கே உள்ளவர்கள் எல்லாரும் பிறவியிலேயே பொறுமைசாலிகள் என்று நான் நம்பத் தயாராக இல்லை.

ஜனவரி 10, பிற்பகல்

சேர்க்க மறந்தது: மேலே உள்ளது காய்ந்த சாலைக் கணக்கு. ஈரமான சாலையில் பிரேக் தூரம் இன்னும் நீளும், தேய்ந்த டயர் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஜனவரி 12

'வேகமாகப் போகிறார்கள் என்று எப்படி நிரூபிப்பது, வேகம் அளக்கும் கருவி எங்களிடம் இல்லையே' என்று கேட்டிருக்கிறீர்கள். சுண்ணாம்புக் கட்டியும் கைப்பேசியும் போதும். சாலையோரத்தில் 25 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு போடுங்கள். ஒரு வண்டி முதல் கோட்டிலிருந்து இரண்டாவது கோட்டுக்கு 3 நொடியில் போனால் 30 கி.மீ. வேகம், 1.8 நொடியில் போனால் 50. மாடியிலிருந்து வீடியோ எடுத்து அப்புறம் நிதானமாகப் பார்த்து எண்ணலாம், சாலையில் நின்று ஸ்டாப்வாட்ச் அமுக்கினால் கை தடுமாறும். வண்டி எண் தெரியாதபடி எடுங்கள், யாரையும் பிடித்துக் கொடுப்பதற்காக இதைச் செய்யவில்லை.

நாங்கள் இதைச் செய்தபோது எதிர்பாராத ஒன்று நடந்தது. கையில் தாளோடு ஆட்கள் நிற்பதைப் பார்த்ததும் வண்டிகள் மெதுவாகப் போயின. ஏதோ அபராதம் போடும் கூட்டம் என்று நினைத்திருப்பார்கள். கொஞ்ச நேரம் எங்களுக்குப் பெருமையாக இருந்தது, பிறகுதான் கணக்கெடுப்பு கெட்டுப்போகிறதே என்று மாடிக்கு ஓடினோம்.

இன்னொன்றும் தெரிய வந்தது. சராசரி வேகம் நாங்கள் பயந்த அளவு இல்லை. பள்ளி விடும் நேரத்தில் நெரிசல், எல்லாரும் ஊர்கிறார்கள். பறப்பது பள்ளி தொடங்கி அரை மணி கழித்து, சாலை காலியாகும்போதுதான். தாமதமாக வரும் பிள்ளை, மருந்து வாங்கப் போகும் பெரியவர், இவர்கள்தான் அந்த நேரத்தில் குறுக்கே நடப்பவர்கள். 'எப்போதும் பறக்கிறார்கள்' என்று எழுதியிருந்தால் அலுவலகத்திலிருந்து யாராவது நெரிசல் நேரத்தில் வந்து பார்த்துவிட்டு, அப்படி ஒன்றும் இல்லையே என்று போயிருப்பார்கள்.

ஜனவரி 13

சுண்ணாம்புக் கோட்டை ஒருவர் கோலம் என்று நினைத்துச் சுற்றிப்போனாராம், கீழே எழுதியிருக்கிறார். கோலம் போட்டால் வேகம் குறையுமா என்று தனி இழை திறக்கலாம் போலிருக்கிறது.

ஜனவரி 17

'ஊர்வலத்தை விடுங்கள் என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள், நெதர்லாந்துக்காரர்கள் ஊர்வலம் போய்த்தானே சாதித்தார்கள்' என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். நியாயமான மடக்கு. முதல் குறிப்பில் நான் சொன்னதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

1971இல் நெதர்லாந்துச் சாலைகளில் இறந்தவர்கள் ஏறக்குறைய 3,300 பேர், அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். விக் லாங்கன்ஹோஃப் என்ற பத்திரிகையாளர் தன் மகளைச் சாலையில் பறிகொடுத்தார். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்று 1972இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. அவர்கள் ஊர்வலம் போனார்கள்தான், சைக்கிளில் பிரதமர் வீட்டு வாசலுக்கே போய்ப் பாட்டுப் பாடினார்கள். ஆனால் அதோடு நிற்கவில்லை. விபத்து நடந்த இடத்தையே போய் அடைத்தார்கள், ஒரு நாள் தெருவை மூடிப் பிள்ளைகளை விளையாட விட்டார்கள், தெரு எப்படி இருக்க வேண்டும் என்று யோசனைகளைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்கள். பழைய கடை ஒன்றில் அலுவலகம், பிறகு அரசு மானியமே கிடைத்தது. டெல்ஃப்ட் நகரில் முளைத்த 'வோனெர்ஃப்' என்ற குடியிருப்புத் தெரு முறை, அதாவது நடப்பவருக்கும் விளையாடும் பிள்ளைக்கும் தெரு முழுவதும் சொந்தம், வண்டி அங்கே விருந்தாளி என்ற முறை, 1976இல் சட்டத்திலும் ஏறியது. நடுவில் 1973 எண்ணெய் நெருக்கடி வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை போட்டார்கள், காலித் தெரு எப்படி இருக்கும் என்று நாடே பார்த்தது. இதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

ஆகவே ஊர்வலம் போங்கள், ஆனால் போய்ச் சேரும் இடம் அந்த முக்காக இருக்கட்டும், கையில் அந்த முக்கின் வரைபடம் இருக்கட்டும். எதிரில் வரும் வண்டிகளைப் பார்த்து 'மெதுவாகப் போங்கள்' என்று கோஷம் போடுவதைத்தான் நான் விடச் சொன்னேன்.

ஜனவரி 18

'அது பணக்கார நாடு, அங்கே சைக்கிள் பண்பாடு.' இந்தப் பதில் வரும் என்று காத்திருந்தேன். 1950களிலும் 60களிலும் அங்கேயும் சைக்கிள் குறைந்து கார் பெருகிக்கொண்டுதான் இருந்தது, சாலையை அகலப்படுத்த வீடுகளை இடித்தார்கள். பண்பாடு அவர்களைக் காப்பாற்றியிருந்தால் 1971இல் அத்தனை பேர் இறந்திருக்க மாட்டார்கள். பணத்தைப் பற்றி: கொலம்பியாவின் பொகோட்டாவில் 1974 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய சாலைகளைக் கார்களுக்கு மூடி நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் திறந்துவிடுகிறார்கள், இன்று அது 100 கி.மீ.க்கும் மேல். புதுச் சாலை போட வேண்டியதில்லை, இருக்கிற சாலையின் குறுக்கே தடுப்பு வைத்தால் போதும்.

ஜனவரி 22

கடைக்காரர்கள். இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் சூடு உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சாலையில் முக்கை ஒட்டி நிற்கும் வண்டிகளை அப்புறப்படுத்தக் கேட்டோம், ஏனென்றால் கடக்க வரும் ஆள் அந்த வண்டிகளுக்குப் பின்னாலிருந்து திடீரென்று முளைப்பதுபோல் தெரிகிறார், அவருக்கும் வண்டி தெரிவதில்லை. உடனே வியாபாரம் போச்சு என்று எதிர்ப்பு. கூட்டத்தில் ஒரு கடைக்காரர் என்னைப் பார்த்து 'உங்களுக்கு வேறு வேலையே இல்லையா' என்றார். அவர் கடை வாசலில் நாள் முழுக்க நின்றது அவருடைய வண்டிதான், அதை அங்கே யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் கூட்டம் அத்தோடு முடிந்திருக்கும்.

அதற்குப் பதிலாக வருகிறவர்களிடம் எப்படி வந்தீர்கள் என்று ஒரு வாசலில் கேட்டுக் குறித்தோம். பெரும்பாலோர் நடந்து வந்தவர்கள். இது எங்கள் அதிசயம் இல்லை. பெர்லினில் இரண்டு கடைத்தெருக்களில் நடந்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. காரில் வருகிறவர்கள் 22 சதவீதம் என்று கடைக்காரர்கள் கணித்தார்கள், கேட்டுப் பார்த்ததில் கிட்டத்தட்ட 7 சதவீதம். காரில் வரும் கடைக்காரருக்கு எல்லாரும் காரில் வருவதாகத் தோன்றுகிறது.

முக்கில் வண்டி நிற்பதைத் தடுப்பது சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஹோபோக்கன் என்ற சிறிய, நெருக்கமான நகரம், அங்கே 2017 முதல் பல ஆண்டுகள் சாலையில் ஒரு சாவுகூட இல்லை. முக்குகளைத் திறந்து பார்வைக்கு இடம் விட்டதை அங்கே முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொல்கிறார்கள்.

ஜனவரி 23

வேகத்தடை பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எனக்குப் பிடிக்காது, ஆனால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அளவில்லாமல் கூம்பு போலக் கொட்டி வைத்தால் சைக்கிள்காரர்தான் முதலில் விழுவார், ஆம்புலன்ஸில் படுத்திருப்பவருக்கு நரகம். கடக்கும் இடத்தையே நடைபாதை மட்டத்துக்குத் தட்டையாக உயர்த்திக் கட்டுவது நல்லது, வண்டியும் மெதுவாகும், சக்கர நாற்காலியும் இறங்கி ஏற வேண்டாம். கட்டும்போது தண்ணீர் போக வழி விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மழையில் உங்கள் இயக்கத்துக்குக் கெட்ட பெயர்.

ஜனவரி 30

'அங்கே யாரும் கடப்பதே இல்லை, கிராசிங் எதற்கு?' என்று பதில் வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உலகத்துப் பொறியாளர்கள் எல்லாரும் ஒரே புத்தகத்தை மனப்பாடம் செய்திருப்பார்களோ என்று தோன்றும். சிக்னலோ கிராசிங்கோ வைக்க இத்தனை பேர் கடக்க வேண்டும், இத்தனை விபத்து நடந்திருக்க வேண்டும் என்று கையேடுகளில் வரம்பு இருக்கும். அமெரிக்கக் கையேட்டின் 2009 பதிப்பில் விபத்தைக் காரணம் காட்டிச் சிக்னல் கேட்க, 12 மாதத்தில் 5 விபத்து நடந்திருக்க வேண்டும் என்று இருந்தது. நான்கு நடந்தால் இன்னொன்றுக்காகக் காத்திரு என்று அர்த்தம்.

கடக்க முடியாததால் கடக்கவில்லை என்பதைத் தாளில் கொண்டுவர எங்களுக்கு உதவியது இது: கடந்தவர்களை எண்ணுவதோடு, ஓரத்தில் வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்களையும் எண்ணினோம், பேருந்து நிறுத்தத்துக்குச் சுற்றிப் போனவர்களையும் எண்ணினோம். இரண்டாவது பட்டியலைப் பார்த்ததும் எதிரில் இருந்த பொறியாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு 'இதை யாரும் கேட்டதில்லை' என்றார். நல்ல மனிதர். அதிகாரிகளில் பாதிப் பேர் நம் பக்கம்தான், மேலே காட்டுவதற்கு அவர்களிடம் ஒரு தாள் வேண்டும், அந்தத் தாளை நாம் கொடுக்க வேண்டும்.

பிப்ரவரி 2

சில நாளாகவே உறுத்துகிற ஒன்று. எங்கள் கூட்டங்களுக்கு வருகிறவர்கள் யார்? மாலையில் நேரம் இருப்பவர்கள், பேசிப் பழகியவர்கள், பலர் காரிலேயே வருகிறார்கள் (நடைப்பயணிகள் பாதுகாப்புக் கூட்டத்துக்கு பார்க்கிங் எங்கே என்று கேட்டவர் உண்டு, ஜோக் இல்லை). உண்மையில் அந்தச் சாலையை அதிகம் நடந்து கடப்பவர்கள் வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், காலையில் வண்டி தள்ளி வியாபாரம் செய்பவர்கள், பள்ளிப் பிள்ளைகள். அவர்களுக்கு மாலை ஏழு மணிக் கூட்டம் ஒத்துவராது. நாங்கள் முதலில் கேட்ட கிராசிங் பள்ளி வாசலில். வேலைக்குப் போகும் பெண்களிடம் போய்க் கேட்டபோது அவர்கள் சொன்ன இடம் வேறு, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, இருட்டில். நாங்கள் யாரும் அந்த நேரத்தில் அங்கே நின்றதே இல்லை.

சிக்னல் நேரமும் இதே கதைதான். பல நாட்டுக் கையேடுகள் ஆள் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று எடுத்துக்கொள்கின்றன. 12 மீட்டர் சாலைக்கு 10 நொடி. கோலூன்றி நொடிக்கு 0.8 மீட்டர் நடப்பவருக்கு 15 நொடி வேண்டும். மீதி 5 நொடி அவர் சாலை நடுவில் நிற்க வேண்டியதுதான். நடுவில் நின்றுகொள்ள ஒரு திட்டு இருந்தால் பாதி பாதியாகக் கடக்கலாம்.

பிப்ரவரி 2, இரவு

பார்க்கிங் கேட்டவர் இந்த இழையைப் படிக்கிறாராம். வணக்கம் ஐயா, அடுத்த கூட்டம் பேருந்து நிறுத்தத்திலேயே.

பிப்ரவரி 9

'இவ்வளவு பேசி ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் பிள்ளை கல்லூரிக்கே போய்விடும்.' சரிதான். எல்லாரும் ஒப்புக்கொள்ளக் காத்திருக்காதீர்கள், தற்காலிகமாகச் செய்து பார்க்க அனுமதி கேளுங்கள். 2009இல் நியூயார்க் நகரின் டைம்ஸ் சதுக்கத்தில் பிராட்வே சாலையை வண்டிகளுக்கு மூடியபோது, அப்போது நகரப் போக்குவரத்துத் துறைக்குத் தலைவராக இருந்த ஜானெட் சாடிக்-கான் செய்தது பெயின்ட் அடித்து, தடுப்பு ட்ரம் வைத்து, மலிவான மடக்கு நாற்காலிகளைப் போட்டதுதான். ஜனங்கள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். நாற்காலி அசிங்கமாக இருக்கிறது என்றுதான் பலரும் சண்டை போட்டார்கள், சாலையை மூடியதை மறந்தே போனார்கள். அடுத்த ஆண்டு அதை நிரந்தரமாக்கினார்கள்.

ஒரு எச்சரிக்கை. செய்து காட்டினால் எல்லாரும் மாறிவிடுவார்கள் என்று இல்லை. வேல்ஸில் 2023 செப்டம்பரில் குடியிருப்புச் சாலைகளின் பொது வேக வரம்பை மணிக்கு 30 மைலிலிருந்து 20 மைலாகக் குறைத்தார்கள். எதிர்த்துக் கையெழுத்திட்டவர்கள் 4.6 லட்சத்துக்கும் மேல், அந்த நாட்டு மக்கள்தொகையே 31 லட்சம் அளவுதான். அடுத்த ஆண்டு அந்தச் சாலைகளில் காயப்பட்டோர் எண்ணிக்கை குறைந்தது, கோபம் அவ்வளவு சீக்கிரம் குறையவில்லை, சில சாலைகளுக்கு விலக்கும் பேசப்பட்டது. எனக்கு இதில் முழுத் தெளிவு இல்லை. ஒரே நாளில் எல்லா இடத்திலும் மாற்றியதால் கோபமா, அல்லது தெருத் தெருவாகப் போயிருந்தால் தெருத் தெருவாகத் தோற்றிருப்பார்களா?

பிப்ரவரி 15

சைக்கிள்காரர்களுக்கும் நடப்பவர்களுக்கும் எங்கள் குழுவிலேயே சண்டை வந்தது. நடைபாதையில் சைக்கிள் ஓட்டுகிறார்கள் என்று ஒரு பக்கம், சாலையில் ஓட்டினால் சாவோம் என்று மறு பக்கம். இரண்டும் உண்மை. நடைபாதையை இரண்டாகப் பிரித்துக் கோடு போட்டுக் கொடுத்துவிடுவது அலுவலகங்களுக்குச் சுலபம், ஏற்காதீர்கள், இருக்கிற கொஞ்ச இடத்துக்கு இரண்டு ஏழைகள் அடித்துக்கொள்ள, வண்டிகளின் இடம் அப்படியே இருக்கும். இடம் சாலையிலிருந்து வர வேண்டும்.

துண்டு துண்டாக வாங்குவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஸ்பெயினின் செவில் நகரம் 2006, 2007 வாக்கில் ஏறக்குறைய 80 கி.மீ. தடுப்புள்ள சைக்கிள் பாதையை ஒன்றோடொன்று இணைத்து ஒரே வீச்சில் போட்டது, சைக்கிள் ஓட்டுவோர் பல மடங்கு பெருகினார்கள். நடுவில் அறுந்துபோகும் பாதையில் யாரும் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள். ஒரு முக்கைப் பிடியுங்கள் என்று நான் சொன்னது நடப்பவர்களின் கடப்புக்குப் பொருந்தும், சைக்கிளுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. சைக்கிளுக்கு ஒரு வழித்தடம் முழுதாகக் கேட்க வேண்டும், குறைந்தது வீட்டிலிருந்து பள்ளி வரை.

ஹெல்மெட் பற்றி இங்கே பேச வேண்டாம். போடுங்கள். ஆனால் கூட்டத்தில் அந்தப் பேச்சை எடுத்தால் சாலையைப் பற்றிப் பேச நேரம் இருக்காது.

மார்ச் 1

எங்கள் முக்கு என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்கு. சோதனையாக முக்கில் பெயின்ட் அடித்து, வளையும் பிளாஸ்டிக் கம்பங்களை நட்டார்கள், திருப்பம் குறுகியது. வண்டிகள் மெதுவாகத் திரும்புகின்றன. கம்பங்களில் சிலவற்றை யாரோ இடித்துச் சாய்த்துவிட்டார்கள், 'பார்த்தீர்களா, இடைஞ்சல்' என்று உடனே ஒரு படம் சுற்றியது. கம்பம் இல்லாவிட்டால் அந்த வண்டி இடித்திருக்கும் இடத்தில் யார் நின்றிருப்பார் என்று அந்தப் படத்துக்குக் கீழேயே ஒரு பாட்டி எழுதினார், நாங்கள் யாரும் அவ்வளவு நன்றாக எழுதியிருக்க மாட்டோம்.

பிறகு சாலைக்குப் புதுத் தார் போட வந்து பெயின்ட், கோடு எல்லாவற்றையும் மூடிவிட்டுப் போனார்கள். வேறு பிரிவு, வேறு ஒப்பந்தக்காரர், ஒருவருக்கொருவர் தெரியாது. இப்போது மறுபடியும் கடிதம்.

இதிலிருந்து உங்களுக்கு உபயோகமானது: எந்தச் சாலைக்கு எப்போது தார் போடப் போகிறார்கள் என்ற பட்டியலை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். கோடு எப்படியும் புதிதாகப் போட்டாக வேண்டும், அப்போது வேறு மாதிரி போடச் சொல்வதற்குச் செலவு கிட்டத்தட்ட இல்லை. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் 2019இல் இதைச் சட்டமாகவே போட்டார்கள், சைக்கிள் திட்டத்தில் இருக்கும் சாலையை மறுபடி கட்டும்போது தடுப்புள்ள சைக்கிள் பாதையும் சேர்த்துக் கட்டியாக வேண்டும். ஒவ்வொரு சாலைக்கும் தனியாகச் சண்டை போட வேண்டியதில்லை. எங்கள் குழு இப்போது அலுவலகத்தில் பேசுவது இதைப் பற்றித்தான், முக்கை மீட்பதும் பக்கத்தில் நடக்கிறது.

மார்ச் 6

எண்ணிக்கைத் தாள் எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டவருக்கு. பெரிய விஷயம் இல்லை. கால் மணிக்கு ஒரு வரிசை. கட்டங்கள்: கடந்தவர்கள், நின்று திரும்பியவர்கள், பாதியில் மாட்டிக்கொண்டவர்கள், ஓடிக் கடந்தவர்கள். ஓடியவர்களைத் தனியாகக் குறிப்பது முக்கியம், ஆள் ஓட வேண்டிய கிராசிங் வேலை செய்யவில்லை என்று பொருள். குழந்தை, முதியவர், கோல் அல்லது சக்கர நாற்காலி இவற்றுக்குப் பக்கத்தில் ஒரு குறி. மேலே இடம், தேதி, வானிலை, எண்ணியவர் எந்தப் பக்கம் நின்றார். மழை நாளுக்குத் தனித் தாள் போடுங்கள், எண்கள் மிகவும் மாறும். இரவுத் தாளை மறக்காதீர்கள், அந்தப் பெண்கள் சொன்ன இடத்துக்கு எங்களிடம் இன்னும் இரவுத் தாள் இல்லை, இந்த வாரம் போகிறோம்.